ஒட்டுமாங்கா டாக்டரும் இரண்டு பிறந்த வருஷமும்

கொட்டாரம் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி அகஸ்தீஸ்வரம் பாதையில் நாலு வீடு தள்ளிப் போனால் பச்சைக் கதவு வைத்த ஓட்டு வீடு ஒன்று இருந்தது. கதவுக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை. ‘டாக்டர் எஸ். சுயம்புலிங்கம், எல்.ஐ.எம்.’ என்று அதில் வெள்ளை எழுத்து. எழுத்துக்குக் கீழே ஒரு முழத்துக்கு ஒன்றுமில்லை. 1947இல் பலகை எழுதிய பெயின்டர், “கீழ என்ன எழுதட்டும்?” என்று கேட்டான். “அது மூணு வருசத்துல வரும். எடத்த மட்டும் விட்டுப் போடும்” என்றார் டாக்டர். அவனும் விட்டுப் போட்டான். அந்த ஒரு முழ இடத்துக்கு எழுத்து வந்ததா இல்லையா என்பதுதான் சுயம்புலிங்கத்தின் ஒன்பது வருஷத்து ஜீவிதம்.

எல்.ஐ.எம். என்றால் என்ன என்று கொட்டாரத்தில் கேட்காத ஆள் கிடையாது. இந்திய வைத்தியத்துக்கான பட்டம் அது. சென்னையில் ஒரு கல்லூரியில் சித்த வைத்தியத்தையும் இங்கிலீஷ் வைத்தியத்தையும் ஒன்றாகக் குழைத்து ஐந்து வருஷம் ஊட்டினார்கள். காலையில் நாடியும் சூரணமும். மத்தியானம் பிணம் அறுப்பதும் மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்ப்பதும். இரண்டும் படித்தவன் இரட்டை டாக்டர் என்றுதான் சுயம்புலிங்கம் நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊர் வேறு மாதிரிக் கணக்குப் பார்த்தது. நாஞ்சில் நாட்டுக்காரன் யாரையும் அப்பன் வைத்த பெயரோடு நிம்மதியாக இருக்க விடுவானா? வேர் நாட்டுமாங்கன்று, கொம்பு சீமைமாங்கன்று என்று கண்டுபிடித்து, ஒரே மாதத்தில் ‘ஒட்டுமாங்கா’ என்று பெயர் வைத்துவிட்டான். சித்த வைத்தியர்கள் இவரை இங்கிலீஷ்காரன் என்றார்கள். இங்கிலீஷ் டாக்டர்கள் இவரைக் கஷாயக்காரன் என்றார்கள். பெண் கொடுத்த மாமனார் மட்டும், “மருமவன் டாக்டர்” என்று அழுத்திச் சொல்லிவிட்டு, எந்த டாக்டர் என்று யாரும் கேட்பதற்குள் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஏழூர் தர்ம ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. வயல்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து கட்டி, கமிட்டி வைத்து நடத்தினார்கள். தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் சுயம்புலிங்கம் அங்கே போனார். காய்ச்சல் வார்டில் வேலை. இருபத்திரண்டு கட்டில். பதவியின் பெயர் துணை வைத்தியர், தற்காலிகம். அந்தத் தற்காலிகம் ஒன்பது வருஷம் நீடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டில்கள் மாறின, கம்பவுண்டர் மாறினான், முன்வாசலில் நின்ற வேப்பமரம்கூட விழுந்துபோயிற்று. தற்காலிகம் அசையவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மேல்பயிற்சி இடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பர் மாதம், ஒரே ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து உள்நோய் வைத்தியத்தில் இரண்டு வருஷம் பழக்குவார்கள். நெஞ்சு, ஈரல், காய்ச்சல், நீரிழிவு எல்லாம் அதில் அடக்கம். முடித்தவருக்குப் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து, ஒரு வார்டுக்கு அதிகாரம். முப்பத்தைந்து வயது முடியாதவர்கள்தான் கேட்கலாம். இந்த இடத்துக்காகத்தான் பலகையில் ஒரு முழம் காலியாகக் கிடந்தது. சுயம்புலிங்கத்துக்கு அப்போது இருபத்தைந்து. ஐந்து டிசம்பர் கையில் இருக்கிறது, எங்கே போய்விடும் என்று அவர் மீசையை நீவிக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே, வாய் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரி ஹெட்கிளார்க் பகவதியப்பனைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், ரசவடை வாங்கிக் கொடுத்துத் தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னார். பகவதியப்பன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கேட்டதையெல்லாம் மனசுக்குள் நம்பர் போட்டு வைத்துக்கொள்வார்.

“காலேஜில சீட்டு எப்பிடிக் கெடச்சுது தெரியுமாவே? அங்க பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். எனக்குப் பதினேழுதான். நம்ம ஸ்கூல் சர்டிபிகேட்டுல கொல்லம் வருசம்லா போட்டிருக்கு? ஆயிரத்துத் தொண்ணூத்தேழு, மாசி மாசம். மதறாஸ்காரனுக்குக் கொல்லம் வருசத்தப் பத்தி என்ன எளவு தெரியும்? ‘இங்கிலீஷ் வருசமா மாத்தி எழுதும்’னான். எழுதினேன்.”

“எண்ணூத்தி இருவத்தஞ்சு கூட்டணும்லா?” என்றார் பகவதியப்பன்.

“அது மாசிக்காரனுக்கு. ஆவணியிலேருந்து மார்கழிப் பாதி வரைக்கும் பொறந்தவனுக்கு எண்ணூத்தி இருவத்திநாலு. நான் மாசியில பொறந்துட்டு இருவத்திநாலக் கூட்டினேன்! ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவத்திரெண்டு, இருவத்தொண்ணாயிட்டு. ஒரே நிமிசத்துல ஒரு வயசு மூத்தேன். சீட்டு கெடச்சுட்டு!”

“கொள்ளாம்வே” என்றார் பகவதியப்பன். ரசவடையைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார்.

முதல் டிசம்பர், 1948. கமிட்டி அறையில் நீளமான மேசை. தலைமாட்டில் கமிட்டித் தலைவர் நாராயணபெருமாள். தோவாளைப் பக்கம் நூறு கோட்டை விதைப்பாடு வயல் அவருக்கு. வைத்தியம் பற்றி அவருக்குத் தெரிந்தது, காய்ச்சல் என்றால் உடம்பு சுடும் என்பதுதான். ஆனால் யார் டாக்டர், யார் டாக்டர் இல்லை என்று தீர்மானிக்கிற இடத்தில் அவரைத்தான் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெரிய டாக்டர். கிழவர், பாவம், கூட்டம் ஆரம்பித்தவுடன் தூங்கிவிடுவார். கடைசியில் பகவதியப்பன், கையில் விதிப் புத்தகத்தோடு.

“சமஸ்தானம் ஒத்துக்கிட்ட பட்டம் உள்ளவங்களுக்குத்தான் எடம்” என்று பகவதியப்பன் வாசித்தார். “இது மதறாஸ் பட்டம்.”

சுயம்புலிங்கம் எழுந்து நின்று, தான் படித்த உடற்கூறும் இங்கிலீஷ் டாக்டர் படித்த உடற்கூறும் ஒன்றுதான், அதே புஸ்தகம், அதே கத்தி, அதே மாதிரிப் பிணம் என்று கால் மணி நேரம் பேசினார். நாராயணபெருமாள் கவனமாகக் கேட்டுவிட்டு, இடத்தை வேறு ஒரு பையனுக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் பகவதியப்பன் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். “நீரு அறுத்தது மதறாஸ் பிணம்லாவே. இது திருவிதாங்கூர்.”

இரண்டாவது டிசம்பர் வருவதற்குள் திருவிதாங்கூரோடு கொச்சி சேர்ந்தது. விதிப் புத்தகத்தில் சமஸ்தானம் என்ற வார்த்தையை அடித்துவிட்டுத் திருக்கொச்சி என்று எழுதினார்கள். மதறாஸ் அப்போதும் அந்நிய தேசம்தான். ஆனால் 1950இல் நாராயணபெருமாள் நல்ல மனநிலையில் இருந்தார். சீட்டைச் சொந்தப் பொறுப்பில் கொடுத்தாலும் கொடுப்பார் என்று பேச்சு. விளையாட்டாக வலதுகையை மேசைமேல் நீட்டினார்.

“நாடி எல்லாம் பாப்பீராமே. எனக்குப் பாத்துச் சொல்லும்.”

மனுஷர் கிண்டலுக்குக் கேட்டார். கொஞ்சம் சமர்த்து இருந்தால், “ஐயாவுக்கு நூறு வயசு” என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். சுயம்புலிங்கம் உண்மையாகவே பார்த்தார். மூன்று விரலை வைத்துப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். எழுந்து போய் வேட்டிக்கு மேலே வலப்பக்கம் விரலால் அமுக்கியும் பார்த்துவிட்டார்.

“ஐயாவுக்கு ஈரல் வீங்கியிருக்கு” என்றார். “எத்தன வருசமா குடிக்கிய?”

நாராயணபெருமாள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வடசேரியில் மேடை போட்டு ஒன்றரை மணி நேரம் கள்ளின் கேட்டைப் பற்றிப் பேசியிருந்தார். பெரிய டாக்டர்கூடத் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார்.

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்னவே?” என்று வெளியே பகவதியப்பன் கடிந்துகொண்டார்.

“ஈரல் வீங்கிக் கெடக்குவே!”

“கெடக்கட்டும். அது அவரு ஈரல்லா?”

அந்த டிசம்பரும் போயிற்று. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. பத்து நாள் கழித்து நாராயணபெருமாள் வில்வண்டி அனுப்பினார். முன்வாசல் வழியாக அல்ல, வைக்கோல்போர் பக்கம் வழியாக வரச்சொல்லி. சுயம்புலிங்கம் போய்ப் பார்த்து, பத்தியம் சொல்லி, கீழாநெல்லி கொடுத்து, குடியைக் குறைக்க வைத்தார். அதிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை வில்வண்டி வந்தது. சீட்டுக்கு ஆகாத டாக்டர் ஈரலுக்கு ஆனார். சுயம்புலிங்கத்துக்கு அதில் வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். ஈரல் வற்ற வற்றச் சீட்டு தன் பக்கம் வருகிறது என்று அவர் மனைவி அன்னக்கிளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தாளு செத்தா வேற தலைவர் வருவாருல்லா?” என்றாள் அன்னக்கிளி. “நீங்க எதுக்கு அவர மெனக்கெட்டு உயிரோட வச்சிருக்கிய?”

“ஏட்டி, நான் டாக்டர்” என்றார் சுயம்புலிங்கம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. கட்டில் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். அங்கே பீத்தலும் இல்லை, சீட்டும் இல்லை. வாய்வழியாக வருகிற கேடு முழுவதும் அவருக்கு வார்டுக்கு வெளியில்தான்.

1952இல் ஜான்ரோஸ் வந்தார். இருபத்தைந்து வயது, எம்.பி.பி.எஸ்., புதுச் சட்டை, நல்ல பையன். படித்தது மதறாஸில். சீட்டு அவருக்கு. சுயம்புலிங்கம் பகவதியப்பனின் மேசைக்கு நேரே போனார்.

“இவரு அறுத்ததும் மதறாஸ் பிணம்தானவே?”

“அது எம்.பி.பி.எஸ். பிணம்” என்றார் பகவதியப்பன். “எந்தச் சீமைக்கும் செல்லும்.”

ஜான்ரோஸுக்குப் பரீட்சையில் எல்லாம் தெரியும், கட்டிலில் ஒன்றும் தெரியாது. கோட்டாரில் மிளகாய்வற்றல் வியாபாரம் செய்கிற மைதீன் கனி என்பவர் காய்ச்சலும் மூச்சுமுட்டலுமாக வந்து படுத்தார். ஜான்ரோஸ் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, சளிக்காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் ஊசி போட்டார். மூச்சு இன்னும் முட்டியது. நாலாம் நாள் மெதுவாகச் சுயம்புலிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் பாக்கியளா?”

சுயம்புலிங்கம் நோயாளியை உட்காரவைத்து, முதுகில் இடதுகை விரலைப் பதித்து, வலதுகை விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தார். வலப்பக்கம் டங் டங் என்று கேட்டது. இடப்பக்கம் பாதிக்குக் கீழே மண்சுவரைத் தட்டின மாதிரிச் செத்த சத்தம். “வாரும், உம்ம விரலக் குடும்” என்று ஜான்ரோஸின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்துத் தட்டவைத்தார். “கேக்குதா? உள்ள தண்ணி கெட்டிக் கெடக்கு. ஊசி போட்டு எடுக்கணும்.” எடுத்தார்கள். ஒரு செம்பு நிறைய வந்தது. மைதீன் கனி அன்று சாயங்காலமே படுத்துத் தூங்கினார். வீட்டுக்குப் போகும்போது ஜான்ரோஸுக்கு ஒரு பெட்டி அல்வா கொடுத்தனுப்பினார். அதில் பாதியை ஜான்ரோஸ் கொண்டுவந்து சுயம்புலிங்கத்துக்குக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படி இரண்டு வருஷம். வார்டில் அண்ணாச்சி, அண்ணாச்சி. பயிற்சி முடிந்து நாலு எழுத்து வாங்கின அன்று ஜான்ரோஸ் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி ஜான்ரோஸுக்குப் போயிற்று. மறுநாளிலிருந்து நாலு பேர் முன்னால் அண்ணாச்சி என்பது ‘மிஸ்டர் சுயம்புலிங்கம்’ என்று மாறியது. டாக்டர் என்றால் விதிப்படி தப்பு, அண்ணாச்சி என்றால் நாற்காலிக்குக் குறைச்சல். பையன் யோசித்துத்தான் மிஸ்டரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

1954இல் தெற்கே இருக்கிற தமிழ்த் தாலுக்காக்களை மதறாஸ் ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊரெல்லாம் கொந்தளித்தது. சுயம்புலிங்கம் ஊர்வலத்தில் முன்வரிசையில் போனார். நரம்பு புடைக்கக் கத்தினார். எல்லோரும் பாஷைக்காகக் கத்தினார்கள். இவர் பலகைக்காகக் கத்தினார். மதறாஸ் இங்கே வந்துவிட்டால் மதறாஸ் பட்டம் சொந்தப் பட்டம் ஆகிவிடும் அல்லவா? மேற்கே துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்த செய்தி வந்தபோது, தான் எதற்காகக் கத்துகிறோம் என்று நினைத்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று. இரண்டு நாள் வெட்கப்பட்டார். மூன்றாம் நாள் மறுபடியும் ஊர்வலத்துக்குப் போனார். அந்த டிசம்பரில், கோஷம் போட்ட ஆளுக்கு இடம் கிடையாது என்று கமிட்டி சொன்னது. இடம் நாராயணபெருமாளின் மச்சினன் மகனுக்குப் போயிற்று. அவனுக்கும் விரலைப் பிடித்துத் தட்டச் சொல்லிக் கொடுத்தவர் சுயம்புலிங்கம்தான்.

அப்புறம் வந்தது 1956 நவம்பர் ஒன்றாம் தேதி. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் மதறாஸோடு சேர்ந்தன. சுயம்புலிங்கம் காய்ச்சல் வார்டில் மிட்டாய் கொடுத்தார், டைபாய்டுக்காரர்களைத் தவிர எல்லோருக்கும். டைபாய்டுக்காரர்களோடு கைகுலுக்கினார். சாயங்காலம் பெயின்டரைப் பார்த்து, கமிட்டி கூடுகிற டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வெள்ளைப் பெயின்டோடு வீட்டுக்கு வரச்சொல்லி அச்சாரமும் கொடுத்துவிட்டார். எழுத்து பயிற்சி முடிந்துதான் வரும் என்றாலும், இடம் கிடைத்த அன்றே பலகையில் ஏற்றிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

“கெடச்ச பொறவு சொன்னாப் போராதா?” என்றாள் அன்னக்கிளி.

“போராது. மாசி பொறந்தா எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சிரும். இது கடைசி டிசம்பர். இந்தத் தடவ என்னத்தச் சொல்லித் தள்ளுவான்? பட்டமா, பட்டம் இப்ப நம்ம ராஜ்யத்துப் பட்டம். ஈரலா, ஈரலு வத்திட்டு. பெரிய டாக்டரா, நான் தட்டச் சொல்லிக் குடுத்த பையன். சவம், நான் அங்க போய் உக்காந்தாலே போரும்.”

ஒன்பது வருஷமாக அந்தக் காலி இடத்தைத் தினமும் ஒட்டடை அடித்தவள் அன்னக்கிளிதான். சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்து, பகவதியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி கமிட்டி கூடியது. நாராயணபெருமாள் முன்னைவிடச் செழிப்பாக இருந்தார். வேறு யார் வைத்தியம்? பக்கத்தில் ஜான்ரோஸ். மேசைக் கடைசியில் பகவதியப்பன், புதிய விதிப் புத்தகத்தோடு.

“பட்டம் மதறாஸ் ராஜ்யத்துப் பட்டம். ஒத்துக்கிடலாம்” என்று பகவதியப்பன் வாசித்தார். சுயம்புலிங்கம் ஒன்பது வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. எழுந்து கும்பிடலாமா என்றுகூடப் பார்த்தார். பகவதியப்பன் பக்கத்தைப் புரட்டினார்.

“வயசு. பட்டத்துல எழுதியிருக்கபடி, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவத்தொண்ணு பிப்ரவரி. முப்பத்தஞ்சு முடிஞ்சு பத்து மாசம் ஆகுது.”

“இல்ல” என்று சுயம்புலிங்கம் எழுந்தார். “அது தப்பு. ஸ்கூல் சர்டிபிகேட்டப் பாரும். ஆயிரத்துத் தொண்ணூத்தேழு மாசி. எண்ணூத்தி இருவத்தஞ்சு கூட்டும். இருவத்திரெண்டு. எனக்கு இன்னும் முப்பத்தஞ்சு முடியல்ல. இவ்வளவு நாளும் அந்தச் சர்டிபிகேட்டத்தானவே நீரு வயசுக்குப் பாத்தீரு?”

“அப்போ உம்ம பட்டத்த நாங்க ஒத்துக்கிடல்ல. அதனால ஸ்கூல் சர்டிபிகேட்டப் பாத்தோம். இப்போ பட்டத்த ஒத்துக்கிட்டாச்சு. பட்டத்த ஒத்துக்கிட்டா, அதுல உள்ள தேதியையும் ஒத்துக்கிடணும்லா?”

“தேதி தப்புன்னு சொல்லுகேன்ல!”

“தப்புன்னு எழுதிக் குடுக்கீரா?” என்று பகவதியப்பன் மிகவும் மரியாதையாகக் கேட்டார். காதிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “குடுத்தா எடத்துக்குச் சிபாரிசு செய்யலாம். ஆனா ஒரு காரியம். நீரு காலேஜில சேந்தது முப்பத்தொம்பது ஜூலை. இருவத்திரெண்டுல பொறந்தவருன்னா அன்னிக்கு உமக்குப் பதினேழு. அங்க பதினெட்டு முடிஞ்சவனுக்குத்தான் எடம். நீரே சொல்லியிருக்கீரு, டீக்கடையில. அப்ப பட்டமே செல்லாம போயிருமேவே. பட்டம் இல்லாதவர வார்டுல எப்பிடி வச்சிருக்கது?”

சுயம்புலிங்கம் பேனாவைப் பார்த்தார். அப்புறம் ஜான்ரோஸைப் பார்த்தார். ஜான்ரோஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த மனிதர் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர், வயசு என்ன பெரிய வயசு என்று சொல்லியிருந்தால் நாராயணபெருமாள்கூட வாயைத் திறந்திருக்கமாட்டார். ஜான்ரோஸ் மேசையில் கிடந்த காகிதத்தின் ஓரத்தை மடித்து, விரித்து, மறுபடியும் மடித்தார்.

“மிஸ்டர் சுயம்புலிங்கம்தான் முடிவு சொல்லணும்” என்றார்.

“ஆமா, ரெண்டுல எந்த வருசம் பொறந்தீருன்னு நீரே சொல்லும்” என்று நாராயணபெருமாள் சிரித்தார். “நாங்க என்ன, பக்கத்துல நின்னா பாத்தோம்?” எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, “ஞாயித்துக்கிழம வண்டி வரும், என்னா?” என்றும் கேட்டார்.

சுயம்புலிங்கம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். “இருவத்தொண்ணுலதான் பொறந்தேன்” என்றார். வார்டில் அன்றைக்குப் பதினெட்டு நோயாளிகள். அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது? வேறு என்ன தொழில் தெரியும் அவருக்கு?

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஏணியைச் சாத்தி வைத்துக்கொண்டு பெயின்டர் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த அதே பெயின்டர், தலை பாதி நரைத்துவிட்டது. “கீழ என்ன எழுதட்டும் டாக்டரே?” என்று எழுந்தான். சுயம்புலிங்கம் நேரே உள்ளே போனார். அன்னக்கிளி அவர் முகத்தைப் பார்த்தாள். வாசலுக்கு வந்தாள்.

“ஒண்ணும் எழுதாண்டாம் அண்ணாச்சி. அந்த எடத்தக் கறுப்படிச்சுப் போட்ருங்க.”

“அது ஏற்கெனவே கறுப்பாத்தானம்மா இருக்கு?”

“அப்பம் போயிட்டு வாங்க” என்றாள். உள்ளே வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். அவர் அழவில்லை. விரலால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார், உள்ளே என்ன கெட்டிக் கிடக்கிறது என்று பார்க்கிறவர் மாதிரி.

தை மாதம் புதிய பயிற்சி டாக்டர் வந்தார். இருபத்துநாலு வயது, எம்.பி.பி.எஸ்., புதுச் சட்டை. மாசி மாதம் ஒரு நாள் காலையில், மூச்சு முட்டுகிற ஒரு நோயாளியை மூன்று தடவை பார்த்துவிட்டுப் பையன் வந்து நின்றான். “அண்ணாச்சி, கொஞ்சம் பாக்கியளா?” சுயம்புலிங்கம் எழுந்து போனார். நோயாளியை உட்காரவைத்து, பையனின் விரலைப் பிடித்து முதுகில் பதித்துத் தட்டவைத்தார். சத்தம் மாறுகிற இடம் வந்ததும் பையனின் கண் விரிந்தது.

“இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியளே, நீங்க ஏன் அந்த மேல்பயிற்சிக்குப் போகல?” என்று கேட்டான். அறியாப்பிள்ளை, மனசார மதித்துத்தான் கேட்டான்.

“வயசாயிட்டு மக்கா.”

“எப்போ?”

“பதினேழு வயசுல” என்றார் சுயம்புலிங்கம். “கைய எடுக்காத. இன்னும் ரெண்டு விரக்கடை கீழ தட்டு.”